கணக்குக் காட்டாதவரின் மைத்துனர்

வாலாஜாபாத்தில் பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளை, குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறைக்காகவே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குச் சுவையானது, குடத்தில் ஓலை போடுவதற்கு முன்பு ஆட்களைச் சலித்தெடுக்கும் விதிகள். கடன் விண்ணப்பங்களையும் காப்பீட்டுக் கோரிக்கைகளையும் இன்று சலிக்கும் ‘விதி இயந்திர’ மென்பொருளுக்கு எழுதும் நிபந்தனைகளும் இதே சாயல்தான்.

வாரியத்துக்குத் தகுதி இவை: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள். நிலம் அரைக்கால் வேலிதானா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் சரி. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30-60; இரண்டே ஆண்டில் மாற்றிவிட்டார்கள். (பிராமணர் சபை இது, மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை.)

இவற்றுக்கு ஒருவரின் விவரம் மட்டும் போதும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய மைத்துனர், மருமகனுக்கும் இல்லை என்ற விதிதான் கடினம். ஆள், உறவு, கணக்கு மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் என்றால் ஜோடிகளே லட்சக்கணக்கில் வரும். சார்லஸ் ஃபோர்கி 1979-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விரித்துரைத்த, விதி இயந்திரங்களுக்கான ‘ரீட்டே’ முறை, பாதி பொருந்தியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும். புது ஜாதகம் வந்தால் கல்யாணத் தரகர் பழைய ஜாதகங்களையெல்லாம் மறுபடி தமக்குள் பொருத்திப் பார்ப்பதில்லையே, அப்படித்தான்.

இன்னொரு விசித்திரம், ‘பதிவு இல்லை’ என்று சொல்லும் நிபந்தனையில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. இதை ஒரு விதி இயந்திரத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘3,600-ஐத் தாண்டிய பதிவு இல்லை’ என்று எழுதலாம். ‘3,600-க்குள் என்ற பதிவு இருக்கிறது’ என்றும் எழுதலாம். நம் காதுக்கு இரண்டும் ஒன்று. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் வாடகைக் குடித்தனப் பெண்ணுக்கோ மின் பயன்பாட்டுக் கட்டம் காலி. முதல் வாக்கியத்தில் அவர் தேர்வு, இரண்டாவதில் தள்ளுபடி!

பதிவு இல்லாததை ‘நடக்கவில்லை’ என்றே இயந்திரம் எடுத்துக்கொள்ளும்; ‘தெரியவில்லை’ என்ற பதிலை நாம்தான் எழுதித் தரவேண்டும். அவசரத்தில் பலரும் அதை எழுதுவதில்லை. காலியான கட்டத்தை ஓர் அலுவலரின் மேசைக்கு அனுப்ப ஒரே ஒரு கூடுதல் விதி போதும். அதைக்கூடச் செய்யாமல் விடுவது சோம்பல்தான். உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டால், எந்த நிபந்தனையில், எந்தப் பதிவைப் பார்த்து என்று எழுத்தில் கேளுங்கள்.