வாய்க்கால் கரைக்கு இரண்டு நாள்

ஒரத்தநாட்டுப் பக்கம் வயலுக்கு வழி கேட்டால், "இப்படியே கரையைப் பிடிச்சுப் போங்க" என்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், புல்லுக்கட்டுத் தூக்கி வருகிறவருக்கும், பால் கேனோடு சைக்கிளில் போகிறவருக்கும் கரைதான் பாதை. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், நடுவில் மூன்றடி மண்.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை இருக்கிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1937இல் முழுமை பெற்ற அந்தப் பாதையைச் சீராக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சனி ஞாயிறு விடுமுறையில் கருவிகளோடு மலையேறி, விழுந்த மரத்தை அறுத்து, அரித்த இடத்தை நிரவிவிட்டு இறங்கி வருகிறார்கள். மழைநீர் பாதையிலேயே நெடுக ஓடினால் பாதை ஓடையாகிவிடும் என்பதுதான் அவர்கள் முதலில் கற்கும் பாடம். அதனால் பாதையைப் பள்ளத்தாக்கின் பக்கம் சற்றே சாய்த்து வெட்டுகிறார்கள். அவர்கள் தண்ணீரைப் பாதையைவிட்டு விரட்டுகிறார்கள். நம் ஊரில் பாதையே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் சுவர். மலையில் பாதை கெட்டால் நடப்பவர் சுற்றிக்கொண்டு போவார். இங்கே கரை உடைந்தால் கடைமடைக்காரரின் நாற்று காய்ந்துபோகும்.

நடைபாதைக்கும் ஒரத்தநாட்டுக்கும் பழைய உறவு உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டியர்கள் ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி தன் துணைவி முத்தாம்பாள் நினைவாகக் கட்டிய சத்திரம் இங்கேதான் நிற்கிறது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பெயர் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து யாத்திரிகர் இன்று வந்தால் ஊரை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார். அப்போது இங்கே காவிரித் தண்ணீர் வரவில்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்கு ஆற்றுப் பாசனத்தைக் கொண்டுவந்தது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் 'புது ஆறு'தான். கல்லணையில் கிளம்பித் தஞ்சை நகருக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று கிட்டத்தட்ட 149 கிலோமீட்டர் போகிறது. பாசனப் பரப்பு சுமார் 2.27 லட்சம் ஏக்கர்.

பழைய டெல்டாவின் வண்டலும் களியும் இங்கே குறைவு. செம்மண்ணும் மணல் கலந்த மண்ணுமே அதிகம். களிமண் கரை செங்குத்தாக நின்றாலும் சில நாள் தாங்கும். மணல் கலந்த கரை அப்படி நிற்காது, சரிந்துவிடும். கும்பகோணம் பக்கத்தில் கரை கட்டிப் பழகிய கை இங்கே வந்தால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மூடிய பிறகு மீண்டும் திறக்கும்வரை உள்ள நான்கரை மாதம்தான் வாய்க்கால் வேலைக்கான பருவம். மே மாதத்தில் ஒரு கோடைமழை பெய்து, மண் இறுக்கம் விட்டிருக்கும் வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். காய்ந்த மண்ணில் மம்பட்டி துள்ளும், ஈர மண்ணில் இறங்கும்.

முதல் வேலை களை எடுப்பது. அழகுக்காக எடுப்பதில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889இல் முன்வைத்த சூத்திரத்தை இன்றும் வாய்க்கால் வடிவமைப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் வாய்க்காலின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. சுத்தமான மண் வாய்க்காலுக்கு அது சுமார் 0.025. ஆள் இறங்காமல் விட்டு, தண்ணீர் உயரத்துக்குக் களை அடைத்த வாய்க்காலுக்கு 0.08 வரை போகும். அதே அகலம், அதே ஆழம், அதே சரிவு இருந்தாலும் பாயும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மலைப் பக்கமாக இருந்தால் சரிவு சமாளித்துக்கொள்ளும். டெல்டாவில் தரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. தண்ணீருக்கு இங்கே வேறு உந்துதல் கிடையாது. களை அடைத்தால் மேல்மடையில் கரை வழிந்து, கடைமடைக்கு எட்டாமலே நின்றுவிடும். "மேட்டூர்ல தண்ணி இருக்கு, எங்க வயலுக்கு வரல" என்ற புலம்பலில் பாதி இந்தச் சொரசொரப்பு எண்தான்.

வாய்க்காலை அடைக்கும் களைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஆகாயத்தாமரை மிதப்பது. கொக்கி கட்டிய மூங்கிலால் இழுத்துக் கரையேற்றி, தண்ணீர் எட்டாத தூரத்தில் காயப்போட வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு அதைவிடக் கெட்டிக்காரச் செடி. இரண்டுமே தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. காட்டாமணக்கை வெட்டினால் குச்சி குச்சியாக விழும், விழுந்த ஒவ்வொரு குச்சியும் ஈரம் பட்டால் வேர்விடும். ஆர்வமாக வந்த நகரத்து இளைஞர்கள் அரிவாளால் வெட்டிக் கரையிலேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒன்று இருந்த இடத்தில் பத்து நிற்கும். கடப்பாரை போட்டு வேரோடு பெயர்க்க வேண்டும். வெட்டிய குச்சியில் ஒன்றுகூட ஈரத்தில் கிடக்கக் கூடாது.

எல்லாப் பச்சையும் களை ஆகாது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கரையை மொட்டையடிப்பது. அருகம்புல்லின் வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும். அதைச் செதுக்கிவிட்டால் வேலை முடிந்தது போலப் பளிச்சென்று தெரியும். முதல் மழையில் அந்தப் பளபளப்பு சேறாகி வாய்க்காலுக்குள் போய்ச் சேரும். அருகு, வெட்டிவேர், கரையோரப் பனை மூன்றையும் தொடாதீர்கள்.

அடுத்தது தூர் எடுப்பது. தூர்வாருவதும் ஆழப்படுத்துவதும் வேறு வேறு வேலை. வாய்க்காலின் பழைய தரைமட்டம் எதுவோ அதுவரைக்கும்தான் மண் எடுக்க வேண்டும். அந்த மட்டம் எங்கே இருக்கிறது என்று மதகு சொல்லும். மதகின் அடிப்படிதான் அளவுகோல். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய், ஒன்று கிடைத்தால் இரண்டு மதகுகளுக்கு நடுவே மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். பொக்லைன் வைத்து ஒரே நாளில் ஒரு கிலோமீட்டர் வாரிய வாய்க்கால்கள் சிலவற்றில் தரை மதகுப் படிக்கும் கீழே இறங்கிப்போயிருக்கிறது. ஓடவேண்டிய தண்ணீர் அங்கே குட்டைபோல நிற்கிறது. பக்கத்து வயல் மதகு உயரத்தில் தொங்குகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் பக்கத்தில் மட்டம் பார்க்க ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும். எடுத்த தூரைக் கரை விளிம்பில் கொட்டுவதும் வீண் வேலை. மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். கரையின் வெளிப்பக்கம் போட வேண்டும்.

முதல் நாள் இத்தோடு முடியும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்திவிட்டு, மாலை நான்குக்குமேல் மறுபடி இறங்குவார்கள். மே மாத வெயிலில் அதற்குமேல் வீரம் காட்ட வேண்டாம்.

இரண்டாம் நாள் கரை வேலை. எனக்கு இதுதான் கலை என்று தோன்றும் பகுதி. கரையை உடைப்பது பெரும்பாலும் வெள்ளமாகத் தொடங்குவதில்லை. ஒரு வயல் நண்டின் வளை, ஓர் எலி வங்கு போதும். உள்பக்க ஓட்டை வெளிப்பக்க ஓட்டையைச் சந்திக்கும்போது தண்ணீர் நூல்போலக் கசியத் தொடங்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் அவசரமில்லை. கலங்கி வந்தால் அது கரையின் மண்ணைக் கொண்டுவருகிறது என்று பொருள். ஓட்டை உள்ளுக்குள் பெருத்துக்கொண்டே போய், ஒரு ராத்திரியில் கரை இறங்கிவிடும். கரையை நடந்து பார்க்கும் லஸ்கர்கள் வெளிப்பக்கத்து ஈரத்தில் கண் வைத்தே நடப்பது இதனால்தான்.

இதை அடைக்கத் தெரியாதவர் வாயில் ஒரு கல்லையும் கொஞ்சம் சேற்றையும் திணிப்பார். உள்ளே வளை அப்படியே இருக்கும். தெரிந்தவர் வளை போகும் திசையெல்லாம் கரையை வெட்டித் திறப்பார். வளையின் அடியைக் கண்ட பிறகு ஈரக் களிமண்ணை அரையடி போட்டு மிதிப்பார், மறுபடி அரையடி போட்டு மிதிப்பார். பழைய கரையோடு புது மண் ஒட்டுவதற்காக, வெட்டிய பக்கத்தைப் படிபோலக் கொத்திவிட்டிருப்பார். வழவழப்பான பழைய மண்மேல் புது மண்ணை அப்பினால் அது தோசைபோல உரிந்து வந்துவிடும். ஒரத்தநாட்டு மணல் மண்ணுக்குக் களி வேண்டுமென்றால் ஏரிப் படுகையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். குளத்து மண் எடுப்பதற்கு அனுமதி வாங்கிவிட்டே எடுங்கள்.

கடைசியாகக் கரையின் முதுகு. மேற்பரப்பு வாய்க்கால் பக்கம் சாயாமல், வயல் பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். மழை நீர் வெளியே வழிய வேண்டும், வாய்க்காலுக்குள் மண்ணை இழுத்துப் போகக் கூடாது. அப்பலாச்சியன் பாதையில் பள்ளத்தாக்கு நோக்கி வெட்டும் சாய்வும் இதுவும் ஒரே வேலை.

இதையெல்லாம் கூலி இல்லாமல் செய்வது நமக்குப் புதிதல்ல. 'வெட்டி வேலை' என்று இன்று எதைச் சொல்கிறோம்? சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊரார் செய்தே தீரவேண்டிய கூலியில்லா உழைப்பு. உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1858இல் மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, குடிமராமத்து என்று வழங்கிய வழக்கத்தைச் சட்டத்துக்குள் அடக்கியது. பழம்பெருமையாக இதைப் பேசுகிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். நிலம் வைத்திருந்தவர் 'ஆள் அனுப்பினார்'. சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். அந்தப் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் வந்தது. அதனால் 'நம் முன்னோர் கூடிச் செய்தார்கள்' என்று கண்ணீர் மல்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. யார் கூடினார்கள், யார் நின்று பார்த்தார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தன்னார்வலர் என்ற சொல்லுக்குப் பொருள் வருவது அங்கேதான். வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் செய்கிறார்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டெடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. பாசனக்காரர்கள் பத்து சதவீதம் பங்களிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. அடுத்த ஆண்டு, பேராவூரணியில் கைஃபா என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளத்தில் தூர்வாரத் தொடங்கினார்கள். கடைமடைக்காரர்கள் தாங்களே இறங்கியது சுற்றுவட்டாரத்துக்கு ஒரு முன்மாதிரியானது.

இரண்டு நாள் விடுமுறையோடு வருகிறவர்கள் புது ஆற்றுப் பக்கம் போகவேண்டியதில்லை. அதன் நவீனப்படுத்தும் பணி 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டு நடக்கிறது. தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எழுப்பிய எதிர்ப்பு தனிக் கட்டுரைக்குரியது. பெரிய வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஊராரின் கைக்கு எட்டுவது சி, டி என்று வகைப்படுத்தும் சிறு வாய்க்கால்களும் வயல் வடிகால்களும். இவற்றில்தான் ஆள் பற்றாக்குறை. நூறு நாள் வேலை இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், எல்லாவற்றையும் தொடாது.

போவதற்கு முன் அந்த வாய்க்காலில் பாசனம் செய்யும் ஒரு பெரியவரைப் பிடித்து, "போன வருஷம் எங்கே உடைஞ்சுது?" என்று கேளுங்கள். விரலை நீட்டிக் காட்டுவார். அங்கிருந்து தொடங்குங்கள். மம்பட்டியை உங்களுடையதாகவே கொண்டு போங்கள், விவசாயி தன்னுடையதை இரவல் தர யோசிப்பார். குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வாய்க்காலில் ஒரு சொட்டு இருக்காது.