உமிதான் காவல்

கடைக்கு இறங்க முடியாத அடைமழை நாளில், ஏற்காடு மலைக் கிராமத்துச் சமையலறைகளில் அந்தக் காலத்தில் என்ன வெந்திருக்கும்? சாமைச் சோறு!

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பயிரிடும் தானியம் சாமை. இதை நன்றாகக் காயவைத்து, உமியோடு அப்படியே சேமித்தால் பூச்சி லேசில் அண்டாது; வருஷக்கணக்கில் கெடாது. உமியை நீக்கிவிட்டாலோ, அரிசியில் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். அதனால்தான் தேவைப்படும்போது, தேவையான அளவு மட்டும் உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து எடுப்பார்கள். மழைக்கு முன்பே காய்ந்த விறகையும் அடுக்கிவிட்டால், அடுப்புக்குக் கவலையில்லை.

நீங்கள் கடையில் சாமை அரிசி வாங்குகிறீர்களா? கொஞ்சமாக வாங்குங்கள், சீக்கிரம் சமைத்துவிடுங்கள்!