குடிக்க உகந்த தண்ணீர் தவளைக்கு உகந்ததா?

ஒக்டோபர் பிறந்தால் திருகோணமலையில் மாரி நெருங்கிவிடும். கடிதங்கள் அதற்கு முன்னமே வந்துவிட்டன. உப்புவெளி, சீனக்குடா, துறைமுகத்தை ஒட்டிய வீதிகள் என்று எங்கிருந்து எழுதினாலும் கேள்வி ஒன்றுதான்: தொட்டித் தண்ணீரை ஒழுங்காக மாற்றுகிறோம், நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறோம், பிறகும் தவளை ஏன் சாகிறது? மழை இறங்குமுன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தொட்டி, மூடி, ஒளிந்துகொள்ள ஓட்டுத் துண்டு என்பவை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்தவையே. அந்த "நல்ல தண்ணீர்" பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நகரக் குழாய்களுக்குக் கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. நீர் வழங்கல் சபை அதைக் குடிக்கப் பாதுகாப்பானது என்கிறது. மனிதருக்கு அது உண்மை. அந்த அளவுகோலே மனித உடலை வைத்து வகுத்ததுதான். குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும், 5 மில்லிகிராம் வரை கேடில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நாம் விழுங்கும் குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ளவற்றோடு கலந்து சீக்கிரமே செயலிழந்துவிடும். தவளைக்கு அந்த வசதி இல்லை.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே, அடிவயிற்றில், இரத்தக் குழாய்கள் அடர்ந்த மெல்லிய தோல் இருக்கிறது. ஈரத்தின்மேல் கால்களை அகட்டிப் படுத்து, அந்தத் தோலை அழுத்தி நீரை உறிஞ்சும். ராபர்ட் டவுன்சன் என்ற ஆங்கிலேயர் 1790களில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், தான் வளர்த்த மரத்தவளைகளிடம் இதைப் பார்த்து எழுதினார். தவளையின் உடலுக்குள் உப்பு கூடுதல், நன்னீரில் குறைவு. அதனால் நீர் தானாகவே உள்ளே புகும். மிகையான நீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளும்போது கொஞ்சம் உப்பும் கூடவே போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்வதும் இதே தோல்தான். அதன் கலங்கள் சக்தியைச் செலவிட்டு, நீரில் கிடக்கும் சொற்ப சோடியத்தையும் குளோரைட்டையும் பிடித்து உள்ளே இழுக்கின்றன. குடிப்பதற்கும் உப்பைக் காப்பதற்கும் மூச்சின் ஒரு பங்குக்கும் ஒரே கதவு. அதைச் சாத்தவும் முடியாது; தண்ணீரில் இருக்கும் குளோரின் தாக்குவதும் அதைத்தான். இந்த ஏற்பாட்டின் அழகு என்னை வியக்க வைக்கிறது, அச்சமும் தருகிறது.

அந்தக் கதவு பழுதானால் என்ன நடக்கும் என்பதை, 1998இல் அறியப்பட்ட கைட்ரிட் என்ற பங்கசு காட்டியது. அது தோலின் மேற்படையோடு நின்றுவிடும், உள்ளுறுப்புகளைத் தொடாது. ஆனாலும் தவளை சாகும். 2009இல் வெளியான ஆய்வொன்றில், நோயுற்ற மரத்தவளைகளின் தோல் உப்பைக் கடத்தும் வேலை பாதிக்கு மேல் குன்றியிருந்தது. இரத்தத்தில் சோடியம் ஏறத்தாழ 20 சதவீதமும் பொட்டாசியம் ஏறத்தாழ 50 சதவீதமும் குறைந்து, கடைசியில் இதயம் நின்றது. உலகெங்கும் குறைந்தது 501 இனங்கள் இந்த நோயால் அருகின, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று 2019இல் கணக்கிட்டார்கள். தவளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோகும் வாணிபம் இதைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து நமக்கு எட்டாத தூரம் என்று நான் நினைக்கவில்லை.

மழைக்கு வருவோம். கலங்கிய நீரைச் சுத்திகரிக்கக் குளோரின் கூடுதலாக வேண்டும். வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்கும் குளோரின் இடுவார்கள். அது மனிதருக்கு அவசியம், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் "எங்கள் வீட்டில் கிணறுதான்" என்பவர்களும் அந்த நாட்களில் தப்பியவர்கள் அல்ல. கரையோரக் கிணறானால் உவர்ப்பும் சேரும். உப்பு ஏற ஏற நீர் உள்ளே புகுவது குறையும், தவளை தண்ணீரிலேயே வற்றும். "மிகத் தூய்மையானது" என்று விற்கும் போத்தல் தண்ணீரையும் நம்பிவிட வேண்டாம். தாதுக்களை முழுக்க வடித்தெடுத்த நீரில், தோல் இழுக்க உப்பே இராது.

செய்ய வேண்டியது எளிது. வாயகன்ற பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை ஒரு முழு நாள் திறந்து வையுங்கள், குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன்கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்து போதும். ஆனால் போத்தலில் எழுதியிருக்கும் "எல்லா நச்சும் நீங்கும்" போன்ற வாசகங்களை அப்படியே ஏற்க வேண்டாம். தவளையின் கழிவிலிருந்து ஊறும் அமோனியாவுக்குத் தண்ணீரை மாற்றுவதுதான் நம்பகமான மருந்து. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல், மூன்றில் ஒரு பங்காக மாற்றுங்கள்.

மற்றக் கேள்விகள்.

வயலில் பிடித்ததை வளர்க்கலாமா? வேண்டாம், பிடிக்குமுன் காட்டுயிர்களையும் தாவரங்களையும் காக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

கடையில் வாங்கிய வெள்ளைத் தவளை? பெரும்பாலும் ஆபிரிக்க நகத்தவளை. குளிர்நீர் விரும்பி; நம் ஊர் வெயில் அதற்கு வதை, வாங்காதீர்கள்.

கையில் எடுக்கலாமா? முடிந்தவரை கூடாது, எடுத்தே ஆக வேண்டுமானால் சவர்க்காரமோ நுளம்பு மருந்தோ படாத, நனைந்த கையால்.

தொட்டியை எங்கே வைப்பது? வெயில் படாத, காற்றோட்டமான மூலையில்.

தோல் அடிக்கடி உரிகிறது, புரட்டிப் போட்டால் திரும்ப மாட்டேன் என்கிறது? உடனே தனியாக்கி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

அலுத்துவிட்டால் குளத்தில் விடலாமா? ஒருபோதும் கூடாது. தொட்டி கழுவிய தண்ணீரும் வாய்க்காலுக்கோ களப்புக்கோ போகக் கூடாது. வெளிற்றும் திரவம் கலந்து ஒரு மணி நேரம் வைத்த பிறகு கழிப்பறையில் ஊற்றுங்கள்.