சிறு தொலைவும் சிற்றூர்தியும்

சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்த கோப்பொன்றில் 'மைக்ரோமொபிலிட்டி' என்னும் சொல் காணப்பட்டது. நகரத்திற்குள் சிறு தொலைவு செல்வதற்கு ஏற்ற, எடை குறைந்த, வேகம் மிகாத ஊர்திகளையும் அவற்றில் செல்லும் முறையையும் அச்சொல் ஒருங்கே குறிக்கிறது. சைக்கிள், மின்விசை பொருத்திய சைக்கிள், நின்றுகொண்டே செலுத்தும் மின் ஸ்கூட்டர் முதலியன அவ்வகையில் அடங்கும். 'சிற்றூர்திப் பயணம்' என்று தமிழில் எழுதினேன். எழுதியபின் எனக்குத் தோன்றியது யாதெனில், பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் பழையது என்பதே. தலைநகரில் உத்தியோகம் தேடி வந்து கரோல்பாக்கில் குடியேறிய முந்திய தலைமுறைத் தமிழர்கள், உணவுப் பாத்திரத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சைக்கிளிலேயே அலுவலகம் சென்றதை முதியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

இன்று நமது நிலை என்ன? தில்லியில் 2002 டிசம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அது நெடுந்தூரத்தை எளிதாக்கிவிட்டது. ஆனால் என் வீட்டிலிருந்து நிலையத்திற்கு உள்ள தொலைவு இரண்டு கிலோமீட்டர். நடந்தால் இருபத்தைந்து நிமிடம். ஆட்டோவுக்குக் காத்திருந்தால் எத்தனை நிமிடம் என்று சொல்வதற்கில்லை. யானை போயிற்று, வால் மாத்திரம் வாசலில் சிக்கிக்கொண்டது என்பார்களே, அந்தக் கதைதான். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல மிதித்தாலும் இந்த இரண்டு கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

இதே தொலைவுக்குக் காரை எடுப்போமானால், அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரைக் கொண்டுசெல்ல ஆயிரம் கிலோ இரும்பையும் உடன் நகர்த்துகிறோம். போய்ச் சேர்ந்தபின் அதை நிறுத்த இடம் தேடுகிறோம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். மிதிக்க வலுவில்லாதவர்க்கு மின்விசைச் சைக்கிள் உண்டு. அதில் சிறிய மின்கலமும் மோட்டாரும் இருக்கும். அரை யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் செல்லலாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைந்தும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்தும் இருந்தால், அதற்குப் பதிவும் வேண்டியதில்லை, ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. சுமை உடையவர்க்கும் முதியோர்க்கும் பேட்டரி ரிக்ஷா உதவுகிறது. 2015-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் அதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தில் முறையான இடம் கிடைத்தது.

இவ்வளவு வசதி இருந்தும் நாம் ஏன் தயங்குகிறோம்? குறை ஊர்தியில் இல்லை, சாலையில் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் கோப்புகளை எடுத்துச்செல்லும் ஊழியர் ஒருவர் நாள்தோறும் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறவர். பனிமூட்டம் கவிந்த ஒரு ஜனவரிக் காலையில் பின்னால் வந்த கார் அவரை இடித்துத் தள்ளிவிட்டு நில்லாமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். மீண்டும் வேலைக்கு வந்த அன்றும் சைக்கிளில்தான் வந்தார். "இன்னுமா இதை விடவில்லை?" என்று கேட்டேன். "ஐயா, இதை விட்டால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு பிரயாணத்திற்கே போய்விடும். சாலை நடுவில் பூச்செடிக்குக்கூட இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு முழ அகலம் போதும்" என்றார். அவர் சொன்னது இந்தியில், மொழிபெயர்ப்பு என்னுடையது.

அவர் போன்றவர்கள் சிலர்தாமோ என்று எண்ண வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பிற வேலை செய்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றனர். காரிலும் ஜீப்பிலும் வேனிலும் சென்றவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஆயினும் சாலை எவருக்காக அகலப்படுத்தப்படுகிறது?

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, 2008-இல் பஸ்களுக்குத் தனித் தடமும் சைக்கிள்களுக்குத் தனிப் பாதையும் அமைத்தார்கள். கார்கள் தேங்கி நிற்பதாகக் கூக்குரல் எழுந்தது. 2016-இல் அந்தப் பஸ் தடம் கலைக்கப்பட்டது. அவ்விவாதத்தின்போது கார்களுக்கு நேர்ந்த தாமதத்தைப் பற்றிப் பலர் பேசக் கேட்டேன். சைக்கிள்காரரைப் பற்றிப் பேசியவர் அரியர். கல்கத்தாவிலோ 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தனர். எதிர்ப்புக்குப் பின் அவ்வெண்ணிக்கை 62 ஆகக் குறைக்கப்பட்டது.

என் மனைவி புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். கேலி பேசியவர்களைப் பொருட்படுத்தாமல் என் மாமியார் கற்றார். தாயைப் பார்த்து மகளும் கற்றார். அந்த மகள் இன்று தலைநகரில், அரைக் கிலோமீட்டரில் உள்ள காய்கறிக் கடைக்குச் சைக்கிளில் போக அஞ்சுகிறார். எங்கள் மகளுக்குப் பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அவளையும் ஆட்டோவில்தான் அனுப்புகிறோம். ஊரார் கேலியை வென்ற குடும்பம் நகரத்துச் சாலையிடம் தோற்றுவிட்டது எனலாம்.

செய்யவேண்டியது பெரிதன்று. வாகனங்களை அன்று, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே கூறியிருக்கிறது. 2020-இல் மத்திய அரசு, நகரங்களைச் சைக்கிளுக்கு ஏற்றவாறு திருத்தும் அறைகூவல் ஒன்றையும் விடுத்தது. பெருஞ்சாலையில் கல் வரம்பிட்டுப் பிரித்த பாதை, குடியிருப்புத் தெருக்களில் முப்பது கிலோமீட்டர் வேகவரம்பு, மெட்ரோ வாசலில் பூட்டி வைக்க ஒரு நிழற்கூடம் ஆகிய இம்மூன்றும் இருந்தால், சிற்றூர்தி தானே பெருகும். புதுச் சாலைத் திட்டம் வரும்போதெல்லாம் இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் குடியிருப்போர் சங்கங்களில் இருக்கும் நாம்தாம். நாம் வேற்றூரார், நமக்கென்ன என்று ஒதுங்குவது முறையன்று. வரி கட்டும் ஊரும் குழந்தைகள் வளரும் ஊரும் நம் ஊரே.

நேயர்களே, நாளைக் காலை வீட்டைவிட்டுப் புறப்படும்போது, போகுமிடம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றுக்குள் இருந்தால், அதைச் சைக்கிளில் அஞ்சாமல் கடக்க முடியுமா என்றும் எண்ணிப் பாருங்கள். முடியாதெனில், வழியில் எந்த இடத்தில் அச்சம் எழுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதலில் பேசவேண்டியது அதைப் பற்றித்தான்.