கொடுப்பவளும் காத்திருப்பவளும்

குருஸ்தலமென்று பிரசித்தி பெற்ற திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியை அல்ல, தொண்டைமான் சமஸ்தானத்தில் ஒரு தாலுகாவாக இருந்து இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கியிருக்கும் ஆலங்குடியையே இங்கே குறிப்பிடுகிறேன். இவ்வூரில் ஒருவருக்குக் கல்லீரல் முற்றும் கெட்டு, மாற்று ஈரல் பொருத்தினாலன்றிப் பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிரித்துவிட்டால், மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் ஈரலுக்காகப் பெருநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூலம் பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும். அல்லது சொந்தத்தில் ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுக்க முன்வர வேண்டும். இவ்விரண்டு வழிகளிலும் ஸ்திரீகளுக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதே நம் விசாரம்.

யாருக்கு முதலில் ஈரல் என்பதை நிர்ணயிக்க அமெரிக்கர்கள் 2002-இல் ‘மெல்ட்’ என்னும் கணக்கைக் கைக்கொண்டார்கள். இரத்தத்திலுள்ள பிலிரூபின், கிரியேட்டினின், இரத்தம் உறையும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு 6 முதல் 40 வரை எண் இட்டு, எண் ஏற ஏற அபாயம் அதிகமென்று கொள்வது அதன் முறை. ஆண் பெண் என்ற பேதமே அதில் கேட்கப்படவில்லையாதலால் அதைக் காட்டிலும் பாரபட்சமற்றது வேறில்லை என்றே தோன்றும். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து பிறக்கும் கழிவு; தசை குறைந்த பெண்ணுடலில் அது இயல்பாகவே குறைவு. ஆகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண் காட்டும்போது, பெண்ணின் சிறுநீரகம் ஆணுடையதைவிட அதிகமாகப் பழுதுற்றிருக்கக் கூடும் என்பதை இக்கணக்கென்னும் தராசு அறியவே இல்லை. உருவம் சிறுத்த பெண்ணுக்குப் பெரிய ஈரல் பொருந்தாமற்போவதும் இதனோடு சேர்ந்துகொள்ள, வரிசையில் நின்றபடியே மாண்ட பெண்கள் விகிதத்தில் அதிகமானார்கள். இருபது வருஷங்களுக்கு மேல் சென்று, 2023-இல்தான் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டிக் கணக்கைத் திருத்தினார்கள்.

நம் தேசத்திலோ அநீதி தராசுக்கு வருமுன்பே நிகழ்ந்துவிடுகிறது. 2019 முதல் 2023 வரை உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்த 56,509 பேரில் பெண்கள் 36,038 பேர். அதே காலத்தில் உறுப்பைப் பெற்ற பெண்களோ 17,041 பேர்தாம். ஆடவர் ஈகையற்றவர் என்பதன்று. 1998-இல் டில்லியில் இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றிகண்ட கல்லீரல் மாற்றில், காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தம் ஈரலைப் பகிர்ந்தவர் அதன் தந்தையே. எனினும் சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் குடும்பம் என்னாகும் என்ற கேள்வி மனைவியையும் தாயையும் கத்திக்கு முன்னே தள்ளுகிறது. அவளே நோயுற்றாலோ, ‘எனக்கென்ன, பிள்ளைகளைப் பாருங்கள்’ என்று அவள் சொல்லும் ஒரு வார்த்தையை வீட்டார் வெகு சௌகரியமாக நம்பிவிடுகிறார்கள்.

தேசிய உறுப்பு மாற்று அமைப்பு 2025 ஆகஸ்டில், காத்திருக்கும் பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை வழங்குமாறு மாநிலங்களுக்கு யோசனை கூறியது. இது சலுகையல்லவா என்று முணுமுணுப்போர் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மன்னர் கல்லூரியில் சேர வந்தபோதும் ஆட்சேபங்கள் எழாமலில்லை. அரசர் அனுமதித்தார், 1912-இல் அம்மையார் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். தகுதி அவரிடமே இருந்தது, கதவு மாத்திரமே மூடியிருந்தது. அமெரிக்கப் புள்ளியைப்போல் உடற்கூற்றை ஆதாரமாகக் கொண்ட திருத்தமே உத்தமமானது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பல்லாண்டு இழப்புக்கு ஈடாக அளிக்கப்படும் முன்னுரிமையையும் அநியாயமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பட்டியலில் பெயரே ஏறாதவளுக்கு எந்தப் புள்ளியும் உதவாது. ஆதலால் ஆலங்குடியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இதை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: மாற்று ஈரல் வேண்டுமென்று வைத்தியர் கூறியது உங்கள் தாய்க்கோ தமக்கைக்கோ ஆனால், அவர் வேண்டாமென்பதைப் பொருட்படுத்தாமல் பெயரைப் பதியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்கும் இடமுண்டு. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இது 2009 முதலே நடந்து வருகிறது.