வெப்ப நோயின் அறிகுறிகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நண்பகலிலும் நடமாட்டம் ஓய்வதில்லை. பேருந்துக்குக் காத்திருப்போர், நடைபாதை வணிகர், அருகிலுள்ள சாலை பஜாரில் மூட்டை சுமப்போர் எனப் பலர் வெயிலில் உழல்கின்றனர். வட இந்திய நகரங்களைப் போல இங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதில்லை. எனவே வெப்ப நோய் குறித்து அஞ்ச வேண்டுவதில்லை எனக் கருதுவோர் உளர். இக்கருத்து பிழையானது.

கடும் வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதலே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலினின்று நீங்குகிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வை ஆவியாகாது வழிந்தோடுகிறது. உடல் நீரையும் உப்பையும் இழக்கிறதேயன்றிக் குளிர்ச்சி பெறுவதில்லை. வெப்ப அலையைக் கணிப்பதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும் சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் தொடக்க வரம்பாகக் கொண்டுள்ளது.

வெப்ப நோயின் முக்கிய நிலைகள் மூன்று. முதலாவது தசைப்பிடிப்பு: கால், கை, வயிற்றுத் தசைகள் இழுத்து வலிக்கும். இரண்டாவது வெப்பக் களைப்பு: மிகுந்த வியர்வை, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தளர்ச்சி ஆகியன தோன்றும். இவ்விரு நிலைகளிலும் நிழலில் ஓய்வும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் பெரும்பாலும் பயன் தரும்.

மூன்றாவது வெப்பத் தாக்கு. இது உயிருக்கு ஊறு விளைவிப்பது. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறும், மூளை பாதிக்கப்படும். பேச்சுக் குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என எண்ணலாகாது. கடின உழைப்பில் ஈடுபட்டோருக்கு வியர்வை நிற்காமலே இது நேரலாம். முந்தைய நிலைகள் தெரியாமலே தோன்றுவதும் உண்டு. வெயிலில் தள்ளாடுபவரைக் குடிபோதையில் உள்ளவர் எனக் கருதி ஒதுக்கிச் செல்வது ஓர் உயிரை இழப்பதாக முடியலாம்.

இத்தகையவரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது. நினைவு தவறியவருக்கு நீர் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

கேரள அரசு 2019ஆம் ஆண்டில் வெயில் தாக்கை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளி உழைப்பாளிக்கு ஓய்வளிக்கத் தொழிலாளர் துறை ஆணையிட்டு வருகிறது. ஆயினும் சுமைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்கு ஓய்வு என்பது வருவாய் இழப்பு. ஆதலால் அவர் தலைச்சுற்றலைப் பொருட்படுத்துவதில்லை. தம் நிலையைத் தாமே உணர இயலாதவரின் அறிகுறியை, உடன் உழைப்போரும் மேற்பார்வையாளரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. குடிநீரும் நிழலும் ஏற்படுத்துவதோடு இவ்வறிவையும் பரப்புவது நிர்வாகத்தின் கடமையாகும்.