அதிர்வும் தணிப்பு விகிதமும்

கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டால் அதன் நாதம் நெடுநேரம் நின்று தேயும். மரப்பலகையைத் தட்டினாலோ ஓசை உடனே அவிந்துவிடும். அதிர்வின் சத்தி வெப்பமாக மாறிக் கழியும் விரைவே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகும். இக்கழிவினைப் பொறியியலார் தணிப்பு என்பர். தள்ளிவிடப்பட்ட பொருள் மறுபுறம் ஊசலாடாது தன்னிலைக்கு மீளுதற்கு வேண்டிய மிகக் குறைந்த தணிப்பு அவதித் தணிப்பு எனப்படும். ஓர் அமைப்பின் தணிப்பை அதன் நூற்றுக்கூறாக உரைத்தல் மரபு.

நிலநடுக்கத்திற் கட்டடம் எவ்வாறு அசையுமெனக் கணினியிற் கணிப்பவருக்குத் திணிவு, விறைப்பு, தணிப்பு என்னும் மூன்றும் வேண்டும். முன்னைய இரண்டையும் வரைபடத்திலிருந்து பெரும்பாலும் பெறலாம். மூன்றாவதைப் பெறல் இயலாது. மூட்டுக்களின் உராய்வு, கொங்கிறீற்றின் நுண்வெடிப்புக்கள், இடைச்சுவர்கள், அடிநிலம் ஆகிய பலவும் அதிற் பங்குகொள்கின்றன. ஆகவே அது முன்னர் அளந்தறிந்த அமைப்புக்களின் அனுபவங்கொண்டு தெரியப்படுகின்றது. தெரிவிற் பிழை நேரின் விளைவு சிறிதன்று. வெளிவிசையின் மீடிறன் அமைப்பின் இயல்பு மீடிறனோடு ஒத்துப் பரிவு நிகழுங்கால், நூற்றுக்கு 5 தணிப்புடைய அமைப்பு, அதே விசை அசையாது நின்று தாக்கும்போது விலகுவதைப்போல 10 மடங்கு விலகும். நூற்றுக்கு 1 எனின் 50 மடங்கு.

அமெரிக்க அணுச்சத்தி ஆணைக்குழு 1973 இல் வெளியிட்ட வழிகாட்டி, அணு நிலையங்களின் வலுவூட்டிய கொங்கிறீற்று அமைப்புக்களுக்கு நூற்றுக்கு 4, 7 என இரு பெறுமானங்களைத் தந்தது. ஒரே அமைப்பிற்கு இரண்டு எண்கள் ஏன்? முன்னையது நிலையம் தொடர்ந்து இயங்கக்கூடிய நடுக்கத்திற்கும், பின்னையது பாதுகாப்பாக நிறுத்தினாற் போதும் என்னும் பெருநடுக்கத்திற்கும் உரியன. வீச்சம் பெருகப் பெருக வெடிப்புக்கள் உராய்ந்து சத்தியை மிகுதியாக உண்ணும். எனவே சிற்றசைவிற்குப் பெருநடுக்கத்தின் எண்ணை வழங்குதல் ஆபத்தான தாராளமாகும்.

தணிப்புக் குறைந்த அமைப்பின் நிலையை இலண்டனில் தேம்சு நதிமேல் அமைந்த மிலேனியம் நடைபாலம் காட்டிற்று. 2000 யூன் 10 ஆந் திகதி திறந்த அன்றே மக்கள் நெருங்கி நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்திற்கேற்ப மக்கள் தம் நடையை மாற்ற, அந்நடை மேலும் சத்தியை ஊட்டியது. பாலத்தின் இயற்கைத் தணிப்போ நூற்றுக்கு 1 இலும் குறைவு. இரு நாட்களில் மூடப்பெற்ற பாலம், 37 பிசுக்குத் தணிப்பிகளும் பல திணிவுத் தணிப்பிகளும் பொருத்தப்பட்டு 2002 இல் மீளத் திறக்கப்பட்டது. நடப்போரின் பக்கவிசை இவ்வாறு பெருகுமென்பதை அக்கால விதிக்கோவைகள் கருதாமையால், பழி முழுவதையும் தணிப்பின்மேற் சுமத்தல் நேர்மையன்று.

எண்ணைச் செவ்வனே தெரிந்தபின்னும் ஓர் இடர் உண்டு. இறேலி பிரபுவின் பெயரால் வழங்கும் முறை, தணிப்பைத் திணிவுக்கு விகிதசமமான ஒரு பகுதியாகவும் விறைப்புக்கு விகிதசமமான ஒரு பகுதியாகவும் பிரித்தமைக்கும். கணிப்பு எளிதாதலின் அது பெரிதும் விரும்பப்படுகின்றது. ஆனால் இரு மீடிறன்களில் மட்டுமே வேண்டிய பெறுமானத்தை அது தரவல்லது. செக்கனுக்கு 1, 10 அதிர்வுகளில் நூற்றுக்கு 5 என நிறுத்தினால், இடையே 3 அதிர்வுகளின் அயலில் அது 2.9 ஆக இறங்கும். 30 அதிர்வுகளில் ஏறத்தாழ 14 ஆக ஏறும். அங்குள்ள பொறிகளின் நடுக்கம் தாளில் மட்டும் அடங்கிக் காணப்படும். ஆதலின் அமைப்பின் முதன்மையான மீடிறன்கள் எங்குள்ளன என அறிந்தபின்னரே அவ்விரு புள்ளிகளையும் நிறுத்துதல் வேண்டும்.